செல்லையனைப் புதைத்த கதை

மருமகள் தபால் உறையைக் கிழித்ததும் அச்சு மையும் பசையும் கலந்த வாடை அடித்தது. நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தின் விழா மலர். இப்போதெல்லாம் கண்ணாடி போட்டாலும் எனக்கு எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும் என்பதால் அவளே வாசித்தாள். வாழ்த்துரை, அதற்கு நன்றியுரை, நன்றியுரை எழுதியவரின் படம் என்று போய்க்கொண்டிருந்தது. நான் நல்ல சுகமான அரைத்தூக்கத்தில் இருந்தேன்.

"அத்த, இந்தப் படத்துல நீங்க உண்டுமா பாருங்க" என்று உலுக்கினாள்.

பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட சிறுமிகள் வரிசையாகத் தலை குனிந்து நிற்கிறார்கள். பின்னால் இடிந்த சுவர். முன்னால் பாசி பிடித்த கல்லறைகள். அடியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். 'யுத்தத்தில் உயிர் நீத்தவர்களின் கல்லறையில் கண்ணீர் சிந்தும் மாணவியர்' என்று மருமகள் பக்தியோடு வாசித்தாள்.

சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, மருமகள் பயந்து வெந்நீர் கொண்டுவரும் அளவுக்குச் சிரிப்பு. இடமிருந்து நான்காவதாக நிற்கிற குட்டை நான்தான். நான் அழவில்லை. எனக்கு இந்தப் பக்கம் நிற்கிற ரோஸ்லெட்டும் அழவில்லை. அவள் தோள் குலுங்குவது படத்திலேயே மங்கலாக விழுந்திருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்புறம் அந்தச் சட்டைகளைப் பாருங்கள். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் குண்டு பாய்ந்ததுபோலக் கறுப்பாக ஒரு கறை. மலர் போட்டவர்கள் அதைப் படத்தின் பழுது என்று நினைத்திருப்பார்கள். பழுதில்லை, அது சிவப்புக் காகிதத்தின் சாயம்.

காகிதம் என்றதும் மிஸ்ஸியம்மாவின் மேசை ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரம்மாவை நாங்கள் மிஸ்ஸியம்மா என்றுதான் சொல்லுவோம். நெட்டையாக, சோளத்தட்டை மாதிரி இருப்பாள். இங்கிலாந்திலிருந்து வந்து பல வருஷம் ஆகியும் அவள் தமிழ் பைபிளை விட்டு வெளியே வரவில்லை. மாடு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால்கூட, "அதோ, ஒரு பசு பிரவேசித்தது" என்றுதான் கத்துவாள். அவள் மேசையில் பட்டாளத் தொப்பி போட்ட ஒரு இளைஞனின் படம் இருக்கும். தம்பி என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். தம்பி இல்லை, கட்டிக்கொள்ள இருந்தவன் என்று ரோஸ்லெட் சொல்வாள். ரோஸ்லெட் எல்லாவற்றுக்கும் ஒரு காதலைச் சேர்த்துவிடுகிறவள் என்பதால் நான் நம்பவில்லை. யாராயிருந்தாலும் முதல் உலகச் சண்டையில் பிரான்சு தேசத்துச் சேற்றில் செத்துப்போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் சண்டை முடிந்த நவம்பர் மாதத்து நாளில் மிஸ்ஸியம்மா எங்களைச் சிவப்புக் காகிதத்தில் பூச் செய்யவைத்து நெஞ்சில் குத்திக்கொள்ளச் சொல்வாள். பதினொரு மணிக்கு மணியடித்து மௌனமாக நிறுத்துவாள். அந்த வருஷம், முப்பதுகளின் தொடக்கத்தில், அவளுக்கு அது போதவில்லை. பிள்ளைகளை ஒரு யுத்தக் கல்லறைக்கே கூட்டிப் போகவேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள்.

நாஞ்சில் நாட்டில் யுத்தக் கல்லறைக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் நடந்த சண்டையெல்லாம் வாய்க்கால் தண்ணீருக்கும் வரப்புக்கும்தான். யாரோ அவளிடம் புலியூர்க்குறிச்சிக் கோட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டைக்குள்ளே ஒரு பாழடைந்த வேதக்கோயில், அதைச் சுற்றி வெள்ளைக்காரப் பட்டாளத்தாரின் கல்லறைகள். குளச்சலில் நம் ராஜாவோடு சண்டைக்கு வந்து, பிடிபட்டு, பிறகு நம் ராஜாவிடமே சம்பளத்துக்கு அமர்ந்துகொண்ட டச்சுக்காரர்கள் அவர்கள். செத்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அதிலும் பாதிப்பேர் சண்டையில் சாகவில்லை. காய்ச்சலிலும் சாராயத்திலும் போனவர்கள் என்று என் அப்பா சொன்னார். "பரவாயில்ல, போயிட்டு வா. பூ போட ஆளில்லாமத்தானே கெடக்கான்" என்று அனுமதியும் கொடுத்தார்.

அம்மாதான் பிடித்துக்கொண்டாள். நாங்கள் சைவ வேளாளர் வீடு. பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லாததால் மிஷன் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அங்கே தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

"சவக்காட்டுக்கா பிள்ளையள கூட்டிட்டுப் போறா? உள்ளூர்ல செத்தவனுக்கே நாம எட்டி நிக்கோம். இவளுக்கு எவனோ செத்ததுக்கு எம்பிள்ள போய் நிக்கணுமோ?"

"டச்சுக்காரன் செத்தா தீட்டு உண்டுமான்னு சாஸ்திரத்துல பாக்கணும்" என்றார் அப்பா.

கடைசியில் இலையில் கட்டிய புளிச்சோற்றோடும், திரும்பி வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வாசற்படி மிதிக்கவேண்டும் என்ற உத்தரவோடும் அனுப்பினாள். அந்தப் புளிச்சோறு வழியிலேயே வண்டிக்காரர் ஞானமுத்துவின் காளைகளுக்குப் போயிற்று. ஏனென்றால் பின்னால் வந்த வண்டியில் பாக்கியக்காவின் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்துகொண்டிருந்தன. சாளை மீனைத் தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு வைத்த கறியின் வாசனை எட்டும் தூரத்தில் இருக்கும்போது புளிச்சோறு தின்பதற்கு நான் என்ன மகானா?

பாக்கியக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். விடுதிப் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடுகிறவள். கறுப்பாக, கட்டுமஸ்தாக, இடுப்பில் கை வைத்து நின்றால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். சின்ன வயதிலேயே செல்லையன் என்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கட்டின கொஞ்ச காலத்தில் அவன் கோவேறு கழுதை மேய்க்கிற வேலைக்குப் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குக் கப்பலேறினான். அதே சண்டை முடிந்து, போனவர்களெல்லாம் திரும்பினார்கள். செல்லையன் வரவில்லை. காலராவில் செத்து ஆற்றில் போட்டார்கள் என்றான் ஒருவன். இல்லை, பம்பாயில் ஒரு சோற்றுக்கடைக்காரியோடு இருக்கிறான், நானே பார்த்தேன் என்றான் இன்னொருவன். கேட்டால் கடையின் பெயரைச் சொல்லத் தெரியவில்லை. அரசாங்கத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆக பாக்கியக்கா விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை; பள்ளிக்கூடத்துச் சமையற்காரி, அவ்வளவுதான்.

ஞானமுத்து பள்ளிக்கூடத்து வண்டிக்காரர். பெண்சாதி செத்துப் பிள்ளைகுட்டி இல்லாதவர். பேசவே மாட்டார். ஆனால் விறகு கொண்டுவந்து அடுக்களைப் பக்கம் போட்டுவிட்டு, அது எரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தவர்போல நெடுநேரம் நிற்பார். "விறகு எரியும், நீரு போவும்" என்பாள் பாக்கியக்கா. போகமாட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது. இருவரும் போதகர் ஐயாவிடம் போய்க் கல்யாணத்துக்குக் கேட்டும் பார்த்தார்கள். "புருஷன் செத்தான்னு நிச்சயமில்லாம எப்படிக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க? நாளைக்கி அவன் பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா ஆண்டவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார் ஐயா. ஆண்டவருக்குப் பதில் சொல்லுவதில் எப்போதும் அவருக்கு ஒரு கவலை உண்டு. வருஷங்கள் போயின. விறகு மட்டும் வந்துகொண்டிருந்தது.

வண்டிகள் கோட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை எங்கள் ஊரில் கேட்டுக்கொண்டு வராது. கூரைப்பாய்க்குள்ளே சாரல் அடித்துக் காகிதப் பூக்களெல்லாம் நனைந்து, சாயம் கரைந்து வெள்ளைச் சட்டையில் வழிந்தது. இறங்கி நின்றபோது சண்டையில் அடிபட்டவர்கள் நாங்கள்தான் என்று சொல்லும்படி இருந்தோம். மிஸ்ஸியம்மா எங்களைப் பார்த்து ஒரு கணம் வெளிறிப்போனாள்.

உள்ளே புல் இடுப்பளவு. இடிந்த சுவரில் ஆலஞ்செடி. கல்லறைகள் ஒழுங்கு கெட்டுக் கிடந்தன. ஒன்று சாய்ந்து, ஒன்று பிளந்து, ஒன்றின்மேல் ஆடு படுத்த தடம். மிஸ்ஸியம்மா குடை நுனியால் ஒரு கல்லின் பாசியைச் சுரண்டி, குனிந்து, என்னவோ முணுமுணுத்து வாசித்தாள். நாகர்கோவிலிலிருந்து வரவழைத்த படக்காரர் தன் முக்காலியைச் சேற்றில் ஊன்ற, அது ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணிக்குள்ளே தலையை விட்டு அவர் வைத ஒரு வார்த்தையை ரோஸ்லெட் எனக்கு அர்த்தம் சொன்னாள். அதை இங்கே எழுதமுடியாது.

பதினொரு மணி நெருங்கியபோது ஒரு இடைஞ்சல். வாசலில் அவிழ்த்துக் கட்டியிருந்த ஞானமுத்துவின் காளைகள் இரண்டும் தலையை ஆட்டுவதும் கழுத்துமணி கிணுகிணு என்பதுமாக இருந்தது. மௌனத்துக்கு மணியோசை ஆகாது என்று மிஸ்ஸியம்மா சொன்னாள். ஞானமுத்துவைத் தேடினால் அவர் பாக்கியக்காவின் கிழங்குப் பானையைத் தலையில் சுமந்துகொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். எனவே எங்களோடு வந்திருந்த போதகர் ஐயாதான் போனார். பட்டணத்து வேஷ்டியும் கோட்டும் போட்ட ஐயா, காளைகளுக்கு நடுவே நின்று, மாட்டுக்கொரு கையாக மணியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். இந்தக் கதைக்கு அது ரொம்ப முக்கியம். அவர் மட்டும் எங்களோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

மிஸ்ஸியம்மா பேசினாள். "பிள்ளைகளே, தூர தேசத்திலே அநேகர் மரித்தார்கள். அவர்களுடைய கல்லறை எவ்விடம் என்று நாம் அறியோம். ஆகையால் இந்தக் கல்லறை அவர்களுடையது. உங்களுக்கு ஒருவர் உண்டானால், இது அவருடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்பொழுது எல்லாரும் தலை கனியுங்கள்."

குனியுங்கள் என்பது அவள் வாயில் எப்போதும் கனியுங்கள்தான். கனிந்தோம். மழை விட்டு இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மௌனத்துக்குள்ளேதான் அந்தக் குரல் வந்தது.

"ஏலே செல்லையா!"

 தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினேன். மிஸ்ஸியம்மா பாசி சுரண்டிய அந்தக் கல்லுக்கு எதிரே பாக்கியக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். எங்கள் ஊரில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். கிறிஸ்தவர்கள் ஆனாலும் அப்படித்தான். 'எங்க வீட்டுல அவிய' என்பதோடு சரி. அக்கா செல்லையன் பெயரைச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. இப்போது பெயரோடு 'ஏலே'யும் சேர்ந்து வந்தது.

"ஏலே செல்லையா, இஞ்சதான் வந்து கெடக்கியாலே? வரும்போ பேரீச்சம்பழம் கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போனியே, எங்கலே பழம்? உனக்க அம்மை கெடையில கெடந்தப்போ பீயும் மூத்திரமும் அள்ளினது நான். செத்தப்போ மண்ணு போட்டது நான். நீ இஞ்ச புல்லுக்குள்ள காலு நீட்டிப் படுத்திருக்கியோ? செத்தா செத்தேன்னு ஒரு வாக்கு சொல்லப்படாதா? இருந்தா வந்து தொலையப்படாதா? ரெண்டும் இல்லாம நடுவுல நிறுத்திட்டுப் போனியேலே என்னை! தல நரச்சாச்சு. கேட்டியா? வாயத் தொறந்து சொல்லு. செத்தியா இருக்கியா?"

புல்லுக்குள்ளிருந்து ஒரு மழைத்தவளை, "க்ரோக்" என்றது.

ரோஸ்லெட்டின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. சிரித்தால் மிஸ்ஸியம்மா தொலைத்துவிடுவாள். தலையை இன்னும் தாழ்த்தி, உதட்டைக் கடித்து, ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு நின்றோம். மூக்கை உறிஞ்சினோம். தோள் குலுங்கியது. பார்க்கிறவர்களுக்கு விம்மி அழுவதுபோல இருந்திருக்கும். மிஸ்ஸியம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்று நான் நினைத்தேன்.

அவள் மெதுவாக என் பக்கத்தில் வந்து, இவள் என்ன சொல்லுகிறாள் என்று இங்கிலீஷில் கேட்டாள். என்னிடம் ஏன் கேட்டாள் என்றால் வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். அந்த முதல் எவ்வளவு பெரியது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. பசு, பூனை, கப்பல் என்று எனக்குக் கொஞ்சம் வார்த்தைகள் தெரியும். அக்கா பேசியதை அதற்குள் எப்படி அடைப்பது? தெரிந்ததைத் தூக்கிப் போட்டேன்.

"ஹெர் ஹஸ்பண்ட், மேடம். வார். டெட். ஹியர்."

மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு நீளக் கால்களால் புல்லைத் தாண்டிப் போய்ப் பாக்கியக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சமையற்காரியை வெள்ளைக்காரம்மா கட்டிப்பிடிப்பது அந்தக் காலத்தில் சாதாரணம் இல்லை. அக்காவே ஆடிப்போய்விட்டாள். "உன் புருஷன் இங்கே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறான்" என்றாள் மிஸ்ஸியம்மா. அது கேள்வியா, சொல்லா என்று தெரியவில்லை. அவள் தமிழில் இரண்டும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கும்.

 பானையை இறக்கி வைத்துவிட்டுத் தலைக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற ஞானமுத்துவை அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

"ஆமா அம்மா" என்றாள். "இஞ்சதான். செபம் பண்ண ஆளில்லாம கெடக்காரு பாவம்."

போதகர் ஐயாவைக் கூப்பிட ஆள் ஓடிற்று. மணியை விட்டுவிட்டு, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஐயரே, அடக்க ஜெபம் செய்யும்" என்றாள் மிஸ்ஸியம்மா.

"யாருக்கு அம்மா?"

"பாக்கியத்தின் புருஷனுக்கு."

ஐயா கல்லைப் பார்த்தார். அதன் வயது அவருக்குத் தெரியும். அது பஸ்ரா இல்லை, புலியூர்க்குறிச்சி என்பதும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம், கோயில், சம்பளம் எல்லாம் மிஸ்ஸியம்மாவின் கையில். அவளைப் பார்த்து 'இல்லை' என்ற சொல்லை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. "அம்மா, இது வந்து..." என்று தொடங்கினார்.

"வேண்டாம்னா விடுங்க ஐயா" என்றாள் பாக்கியக்கா தணிந்த குரலில். "மிஸ்ஸியம்மா பொய் சொல்லுகாவன்னு சொல்லிருங்க. நான் போய் கிழங்கு எடுத்து வைக்கேன்."

ஐயா புத்தகத்தைத் திறந்தார்.

மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல், தூளுக்குத் தூள் என்று அவர் வாசிக்க, இருநூறு வருஷத்துக்கு முன்னே செத்த ஒரு டச்சுக்காரன் செல்லையனாக மறுபடியும் அடக்கமானான். அந்த நேரத்தில்தான் படக்காரர், "அசையப்படாது!" என்று துணிக்குள்ளிருந்து கத்தினார். அதுதான் மலரில் வந்திருக்கிற படம். ஐயாவின் முகம் மட்டும் கலங்கித் தெரிகிறது. வாசித்துக்கொண்டே அவர் கல்லையும் மிஸ்ஸியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். வலது ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பும், தலைக்கட்டைப் பிடித்த ஒரு கையும் இருக்கும். மலர்க்காரர்கள் அதை வெட்டாமல் விட்டது யார் செய்த புண்ணியமோ.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் சிரிப்பு இன்னும் தீரவில்லை. யாராவது ஒருத்தி "க்ரோக்" என்பாள், உடனே எல்லாரும் உருளுவோம். அக்கா இலை போட்டுக் கிழங்கை வைத்துக்கொண்டே வந்தாள். என் இலையில் மீன்கறி ஊற்றும்போது அகப்பை ஆடியது. குழம்பு என் பாவாடையில் கொட்டிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், அழுதுகொண்டிருக்கிறாள். சத்தமே இல்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை.

"என்னக்கா?" என்றேன். சிரிப்பு எங்கே போயிற்றோ.

"ஒண்ணுமில்ல மக்கா. அவன் நல்லவனாக்கும். கப்பலுக்குப் போகும்போ திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போனான்" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "தின்னு. உங்கம்மைட்ட சொல்லாத" என்றாள்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சட்டையில் சிவப்புக் கறையோடு வந்த என்னைக் கண்டதும் அவள் ரத்தம் என்று அலறிவிட்டாள். காகிதம் என்று சொன்னேன். பாவாடையில் மீன் நாற்றம் வந்ததற்கு அக்காவின் கை நடுங்கினதைச் சொல்லவேண்டியிருந்தது. கை ஏன் நடுங்கிற்று என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடியில் என் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நல்ல காரியம் பண்ணினா" என்றாள். "நம்மள்ல ஆளு காணாமப் போனா பன்னெண்டு வருஷம் பாத்துட்டு தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சிருவாவ. அவ கல்லுல செஞ்சா. என்ன கொறச்சல்?" அப்புறம் இன்னொரு வாளி இறைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிறவள்போலச் சொன்னாள்: "நம்மள்ல எரிச்ச பெறவு அவளையும்லா சேத்து மூலையில போட்டிருவாவ."

அம்மாவின் சின்னம்மை ஒருத்தி அப்படி எங்கள் வீட்டின் பின்கட்டிலேயே இருந்து செத்தவள். 

கோயில் கமிட்டியில் இது பெரிய வழக்காயிற்று. மூப்பர்கள் கூடினார்கள். செல்லையன் பஸ்ராவுக்குல்லா போனான், புலியூர்க்குறிச்சியில் எப்படிச் செத்தான் என்று ஒரு மூப்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஞானமுத்து எழுந்து நின்றார். அவர் வாயிலிருந்து ஊர் கேட்ட முதல் பேச்சு அதுதான் என்பார்கள்.

"எங்க செத்தான்னு எனக்குத் தெரியாது. ஐயா அடக்க செபம் பண்ணியாச்சு. ஆளு உசுரோட இருக்கும்போ ஐயா அடக்கம் பண்ணுவாவளா? பண்ணுவாவன்னா சொல்லுங்க, நான் உக்காந்துகிடுகேன்."

எல்லாரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா கூரையைப் பார்த்தார். மிஸ்ஸியம்மா படத்தை மேசைமேல் வைத்து, "நான் அங்கே இருந்தேன். பிள்ளைகள் அழுதார்கள்" என்றாள். வழக்கு அத்தோடு தீர்ந்தது. ஆண்டவருக்குப் பதில் சொல்லுகிற பொறுப்பு மிஸ்ஸியம்மாவுக்குப் போனதில் ஐயாவுக்கும் உள்ளூர நிம்மதி என்று நினைக்கிறேன். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அம்மா என்னைப் போகவிடவில்லை. ஆனால் ஒரு குலை மட்டிப்பழத்தை அப்பா தலையில் வைத்து அனுப்பினாள். அப்பா முனகிக்கொண்டே சுமந்து போய், அங்கேயே சாப்பிட்டும் வந்தார். என்ன சாப்பிட்டார் என்று அம்மா அவரிடமும் கேட்கவில்லை.

அக்கா சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்பீர்கள். இருந்தாள். ஞானமுத்துவை நாள் முழுக்க ஏசுவாள். அவர் விறகு பிளந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் வரப்பில் யாராவது ஒரு புது ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஆள் இன்னாரென்று தெரிகிற வரைக்கும் அவள் கை வேலையில் இருக்காது. அந்தப் பயம் அவளை விடவில்லை. பயம்தானா என்றும் எனக்குத் தெரியாது. பெட்டிக்காரன் யாரும் செல்லையனாக இருக்கவில்லை.

முப்பதுகளின் கடைசியில், அடுத்த சண்டை வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம், மிஸ்ஸியம்மா தன் தேசத்துக்குப் புறப்பட்டாள். நான் அப்போது பாவாடை தாவணி போட்டு, படிப்பை நிறுத்தி, கல்யாணத்துக்குக் காத்திருந்தவள். சொல்லிக்கொள்ளப் போனேன். மேசை காலியாக இருந்தது. பட்டாளக்காரன் படம் பெட்டிக்குள் போய்விட்டது. பேச்சுக்கு ஒன்றும் அகப்படாமல், "அன்றைக்குக் கோட்டைக்குப் போனோமே" என்றேன்.

"அந்தக் கல்லில் எழுத்து இருந்தது" என்றாள். "ஒரு தகப்பனும் அவன் சிறு குமாரனும். ஜுரத்தினால் மரித்தார்கள். நான் முதலிலேயே வாசித்தேன்."

 அவள் குடையை மடக்கி, கட்டி, பெட்டியின்மேல் வைத்தாள். "உன் ஆங்கிலம் அன்று மிக நன்றாயிருந்தது" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பல் கொஞ்சம் எடுப்பு.

அவள் போன கப்பலைப் பற்றியோ, அவள் அங்கே என்ன ஆனாள் என்பது பற்றியோ பிறகு ஒன்றும் கேள்விப்படவில்லை. போதகர் ஐயா மாற்றலாகி மலைப்பக்கம் போனார். ரோஸ்லெட் ஒரு கம்பவுண்டரைக் காதலித்து, வேறொரு கம்பவுண்டரைக் கட்டிக்கொண்டு சிலோனுக்குப் போனாள். காளைவண்டித் தடம் தார் ரோடாயிற்று. ஐயா மணியைப் பொத்தி நின்ற இடத்தில் இப்போது பஸ் நிற்கிறதாம்.

பாக்கியக்காவும் ஞானமுத்துவும் ஒரே வருஷத்தில், முன்னும் பின்னுமாகப் போனார்கள். ஊர்க் கோயிலின் பின்னால் புன்னை மரத்தடியில் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம். சிமெண்டில் சின்னச் சிலுவை வைத்து, ஆணியால் பெயர் கீறியிருந்தது. நான் ஊருக்கு வந்தால் எட்டிப் பார்ப்பேன். அம்மா இருந்தவரைக்கும், பார்த்துவிட்டு வந்தால் குளிக்கச் சொல்லுவாள்.

போன மாதம் ரோஸ்லெட்டின் பேரனுக்கு, எங்கள் ஊர்ப் பெண்ணோடு, அதே கோயிலில் கல்யாணம். மருமகளோடு காரில் போனேன். கோயிலை இடித்து இரண்டு மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர் மிஷின். புன்னை மரம் இல்லை. பின்பக்கம் முழுக்கச் சமமாகக் கான்கிரீட் போட்டு, வெள்ளைக் கோடு கிழித்து, கார் நிறுத்த இடம் செய்திருந்தார்கள். விசில் வைத்திருந்த ஒருவன், "வரட்டும், வரட்டும், இன்னும் கொஞ்சம் பின்னால வரட்டும்" என்று எங்கள் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். நான் இறங்கிச் சுவரையும் கிணற்றையும் அடையாளம் வைத்துப் பார்த்தேன். இடம் அதுதான். எந்தச் சக்கரத்தின் அடியில் பாக்கியக்கா, எந்தச் சக்கரத்தின் அடியில் ஞானமுத்து என்பதுதான் தெரியவில்லை.